இன்னும் சொல்லி முடிக்கேல்லை

நான் வாயே திறக்கவில்லை. அதற்குள் அவர் மற்றவர்களைப் பார்த்து, "பொறுங்கோ, அவ இன்னும் சொல்லி முடிக்கேல்லை" என்றார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஒரு வாடகை வீடு. அதுதான் எங்கள் சங்கத்தின் அலுவல் நடக்கிற கந்தோர். சண்டையால் வீடு வாசலை விட்டு வந்தவர்கள், புருசனைப் பறிகொடுத்தவர்கள், மெலிந்துபோன குழந்தைகள், இவர்களைத் தேடிப் போய்ப் பார்த்து, வேண்டியதைச் செய்து கொடுப்பது எங்கள் வேலை. பாய் விரித்து எட்டுப் பெண்கள் வட்டமாக இருந்தோம். ஒவ்வொருவராகத் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்தபோது நான் பாயின் ஓரத்தில் பிரிந்திருந்த ஓலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவள் கொஞ்சம் பார்த்துவிட்டுத் தன் கதையைத் தொடங்கிவிட்டாள். அப்போதுதான் அவர் அப்படிச் சொன்னார்.

சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் அழுதிருப்பேன். முற்றத்து மாதுளையில் என்னவோ இருப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில், "என்ரை ஊர் பண்டத்தரிப்பு" என்றேன். "ஐஞ்சாம் வகுப்பு மட்டும்தான் படிச்சனான்" என்றேன். அவ்வளவுதான்.

"இப்ப முடிஞ்சுது. இனி நீங்கள் சொல்லுங்கோ" என்று அவர் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னார்.

எங்கள் கந்தோருக்குப் பொறுப்பான அவரை நாங்கள் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். பெயரை இங்கே எழுதவில்லை. தன் பெயர் கடிதத் தலைப்பில் வருவதையே விரும்பாதவர். உடுவில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவர், இங்கிலீசு அவருக்குத் தண்ணி பட்ட பாடு. கலியாணம் செய்யவில்லை. என்னைவிட நாலைந்து வயது இளையவர். நான் அவரை மிஸ் என்பேன், அவர் என்னை அக்கா என்பார்.

சைக்கிளில்தான் வருவார். சேலைக் கரை செயினில் சிக்காமல் இருக்க, உடுப்புக் காயப்போடுகிற கிளிப் ஒன்றைக் குத்திக்கொள்வார். கந்தோருக்கு வந்ததும் அதைக் கழற்ற மறந்துபோவார். நாள் முழுக்க அந்தக் கிளிப்போடேயே திரிவார். யாரும் சொல்வதில்லை. ஆனால் ஒன்றை மட்டும் மறக்கமாட்டார். பாயில் வந்து இருந்ததும் கையில் கட்டியிருக்கிற மணிக்கூட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவார். ஏன் என்று புஸ்பம் ஒருநாள் கேட்டாள்.

"கையிலை கிடந்தா கண் போகும் புஸ்பம். கண் போனா, கதைக்கிற ஆளுக்குத் தெரிஞ்சிடும்."

புஸ்பம் எங்களில் வாய்க்காரி. பத்தாம் வகுப்புச் சோதனை பாஸ் பண்ணினவள், டைப் அடிக்கத் தெரிந்தவள். அவளுக்கும் எனக்கும் எப்படி ஒட்டியது என்று இன்றைக்கும் தெரியாது. அவள் கதைத்துக்கொண்டே இருப்பாள், நான் கேட்டுக்கொண்டே இருப்பேன், அது இரண்டு பேருக்கும் வசதியாக இருந்திருக்கும். மத்தியானம் எல்லோரும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து கறி மாற்றிச் சாப்பிடுவோம். சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் அரசாங்கம் தடை போட்டிருந்த காலம். கறியிலும் பெரிதாக ஒன்றும் இராது. ஆனாலும் என் கத்தரிக்காயில் ஒரு கரண்டி அவளுக்குப் போகும், அவளுடைய முருங்கையிலை வறையில் ஒரு கரண்டி எனக்கு வரும்.

ஒருநாள் கூட்டத்துக்கு நடுவில் குண்டு போடுகிற பொம்பர் வந்துவிட்டது. எல்லோரும் ஓடிப்போய் வளவுக்குள் வெட்டியிருந்த பங்கருக்குள் இறங்கினோம். நான் அந்தக் கிழமை போய்ப் பார்த்த ஒரு தாயைப் பற்றிச் சொல்லத் தொடங்கியிருந்தேன், பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தது. மேலே பொம்பர் சுற்றுகிறது. சிலர் தேவாரம் சொல்கிறார்கள். மிஸ் முழங்காலைக் கட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பி, "அக்கா, அந்தத் தாய் சாப்பிடுறேல்லை எண்டு சொன்னனீங்கள். அங்கை விட்டனாங்கள்" என்றார்.

"மிஸ், அவன் மேலை நிக்கிறான்" என்றாள் புஸ்பம்.

"அவன் சுத்திப்போட்டுப் போவான். அவ சொல்லட்டும்."

நான் சொல்லி முடித்தேன். வெளிச்சத்தில் வராத சொல்லெல்லாம் அந்த இருட்டுக் குழிக்குள் வந்தது. பிறகு அதை நினைத்து எனக்கே சிரிப்பு வரும்.

அவருடைய காத்திருப்பு எப்போதும் இப்படி இதமாக இருந்தது என்று நினைக்கவேண்டாம். புருசனை இழந்த ஒரு பிள்ளைக்குச் சங்கம் தையல் மெசின் கொடுத்திருந்தது. செத்துப்போன புருசனுடைய தமையன் அதைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மிஸ்ஸும் நானும் அங்கே போனோம். மனிதர் கதிரை போட்டு இருத்தி, "அவள்தான் கொண்டுபோகச் சொன்னவள்" என்றார். மிஸ் ஒன்றும் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "அங்கை வச்சா களவு போயிடும்" என்றார் மனிதர். மிஸ் பார்த்துக்கொண்டே இருந்தார். "என்ரை மகளும் ஒருக்காத் தைச்சுப் பாக்க ஆசைப்பட்டவள்" என்றார். தேத்தண்ணி வந்தது, குடித்தோம், மெதுவாகக் கோப்பையைக் கீழே வைத்தோம். மனிதருக்கு வேர்த்துவிட்டது. "சரி மிஸ், பின்னேரம் வண்டிலிலை ஏத்தி விடுறன்" என்றார். மிஸ் அப்போதுதான் எழும்பினார்.

வரும் வழியில் கேட்டேன். "நீங்கள் ஒண்டுமே கேக்கேல்லையே மிஸ்?"

"அவர் சொல்லி முடிக்கேல்லையே அக்கா. முதல் சொன்னது பாதிதானே."

அன்று எனக்கு அவரிடம் கொஞ்சம் பயமும் வந்தது. எனக்குள்ளும் பாதி சொல்லாமல் கிடக்கிறதே என்ற பயம்.

தொண்ணூறில் திரும்பவும் சண்டை தொடங்கிப் பலாலிப் பக்கத்துச் சனமெல்லாம் எங்கள் ஊர்களுக்குள் வந்து நிறைந்தது. ஒரு வளவுக்குள் நாலு குடும்பம். வேலை இரண்டு மடங்காகக் கூடியிருந்த அந்த நேரத்தில்தான் கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து அந்தக் கடிதம் வந்தது.

அதுவரை எங்களில் மூன்று பேர் குழந்தைகளை மட்டும் பார்த்தோம், மூன்று பேர் விதவைகளை, இரண்டு பேர் இடம்பெயர்ந்து வந்தவர்களை. ஒரே வீட்டுக்கு ஒரே நாளில் மூன்று பேர் மூன்று கொப்பியோடு போய் நின்றதும் உண்டு. இனி மூன்று பிரிவும் ஒன்று என்றது கடிதம். ஒருவருக்கு ஓர் இடம், அந்த இடத்தில் எல்லாவற்றையும் அவரே பார்க்கவேண்டும். அதற்கு எட்டுப் பேர் தேவையில்லை, ஐந்து பேர் காணும். அந்த ஐந்து பேரும் பத்தாம் வகுப்புச் சோதனை பாஸ் பண்ணியிருக்கவேண்டும். அவர்களுக்கு மேல் மேற்பார்வைக்கு இரண்டு பேரைப் புதிதாக எடுக்கவேண்டும். அவர்களுக்கு மேல் மிஸ். எல்லாம் மூன்று மாதத்துக்குள் முடியவேண்டும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், மிஸ் அந்தக் கடிதத்தைப் பாயில் இருந்து முதலிலிருந்து கடைசி வரை தமிழில் வாசித்துச் சொன்னார். எதையும் விடவில்லை. 'இரகசியம்' என்று மேலே எழுதியிருந்ததையும் வாசித்தார்.

"இரகசியம் எண்டா ஏன் மிஸ் எங்களுக்கு வாசிக்கிறியள்?" என்றாள் புஸ்பம்.

"உங்கடை கதைதானே இதிலை இருக்கு. உங்களுக்குத் தெரியாமல் நான் வச்சிருந்து என்ன செய்யிற?"

"அப்ப ஆரை நிப்பாட்டப் போறியள்?"

"எனக்கு இன்னும் தெரியாது" என்றார் மிஸ். பெரிய இடத்தில் இருக்கிற ஒருவர் தனக்குத் தெரியாது என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

எனக்குத் தெரிந்திருந்தது. ஐந்தாம் வகுப்பு என்றால் நான்தான் முதல் ஆள். என் புருசன் போய் ஆறு வருசம். பிள்ளை குட்டி இல்லை. அண்ணை வீட்டில் இருந்தேன். இந்த வேலைக்கு வருமுன் அந்த வீட்டு அடுக்களைதான் எனக்கு உலகம். அண்ணை ஒன்றும் சொல்லமாட்டார். அவர் மனுசி, என் மச்சாளும் கெட்டவள் இல்லை. ஆனால் அந்த வீட்டில் யாராவது வந்து, "உவ ஆர்?" என்று கேட்டால், "உவ எங்களோடை இருக்கிறவ" என்பார்கள். வேலைக்குப் போன பிறகு, "உவ சங்கத்திலை வேலை செய்யிறவ" என்றார்கள். இந்த இரண்டு சொல்லுக்கும் இடையில் உள்ள தூரம் அதைக் கடந்தவர்களுக்குத்தான் விளங்கும்.

கடிதம் வந்த கிழமையே கறி மாற்றுவது நின்றுபோனது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருத்தி சுவரோரம் போய் இருந்தாள், இன்னொருத்தி விறாந்தைக்குப் போனாள். புஸ்பம் டைப் மெசினுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டாள். ஒருநாள் நான் கத்தரிக்காயை நீட்டினேன். "வேண்டாம் அக்கா, வயிறு சரியில்லை" என்றாள். பிறகு, "உங்களுக்கென்ன, உங்கடை அண்ணை இருக்கிறார்" என்றாள். சோதனை பாஸ் பண்ணினவளுக்கும் இடம் நிச்சயமில்லை, அவளுக்கு வீட்டில் படுக்கையில் கிடக்கும் தகப்பனும் இரண்டு தங்கச்சிமாரும். நான் பெட்டியை மூடினேன்.

மிஸ் ஒரு வழி சொன்னார். "எட்டுப் பேரும் இருக்கேக்கையே புது முறையை ஒரு மாதம் நடத்திப் பாப்பம். சரியா நடந்தா, ஆளைக் குறைக்காமல் இப்பிடியே நடத்தலாம் எண்டு நான் அவைக்கு எழுதலாம்." பழைய கலண்டர் தாளின் பின்புறத்தில் ஊர்களைக் கீறி, ஒழுங்கை ஒழுங்கையாகப் பிரித்தார். இந்த ஒழுங்கைகள் இன்னாருக்கு, அந்த ஒழுங்கைகள் இன்னாருக்கு. பண்டத்தரிப்பில் ஒரு பக்கம் எனக்கு, அதை ஒட்டிய பக்கம் புஸ்பத்துக்கு.

தாளைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது, இது சரிவராது என்று. அன்றைக்கு, என் சீவியத்தில் முதல் தடவையாக, யாரும் கேட்காமல் நானே வாயைத் திறந்தேன். "மிஸ், உந்த ஒழுங்கை..."

அன்று அந்தத் தாளை அவசரமாகக் கொழும்புக்கு அனுப்பவேண்டியிருந்தது. கொழும்புக்குப் போகிற ஒருவர் கிளாலிக் கடலைக் கடக்கிற தோணிக்குச் சுணங்குகிறது என்று சைக்கிளோடு வாசல் படலையில் நின்று மணி அடித்துக்கொண்டிருந்தார். மிஸ் கையைப் பார்த்தார். மணிக்கூடு கையில்தான் இருந்தது. அன்று கழற்றியிருக்கவில்லை. "எல்லாருக்கும் விளங்கிச்சுதுதானே" என்று தாளை மடித்துக்கொண்டு எழும்பிவிட்டார்.

நான் விட்ட சொல்லை விழுங்கிக்கொண்டேன். நான் தெரிந்து வைத்திருந்த வேலை அது.

அந்த மாதத்தின் முடிவில், ஒரு தாய் தன் பிள்ளையைத் துணியில் சுற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினாள் என்று செய்தி வந்தது. பதினாலு மாதப் பெண்பிள்ளை. மெலிவைப் பார்க்கக் கை அளக்கிற நாடாவில் சிவப்பு. இடம்பெயர்ந்து வந்த குடும்பம். எங்கள் எட்டுப் பேரில் ஒருவரும் அந்தப் பிள்ளையைப் பார்க்கவில்லை.

எப்படித் தவறியது என்றால், அவர்கள் இருந்த கொட்டில் என் ஒழுங்கையிலுள்ள ஒரு வளவின் பின்பக்கம். ஆனால் அவர்கள் என் ஒழுங்கையால் வருவதில்லை. வேலியில் ஆள் நுழைகிற பொட்டு ஒன்று பிரித்து, புஸ்பத்தின் ஒழுங்கைக்குள்ளால் போய் அங்கேயுள்ள பங்குக் கிணற்றில்தான் தண்ணி அள்ளினார்கள். வளவுக்காரர் இருக்க இடம் கொடுத்தார்கள், தங்கள் கிணற்றில் அள்ள விடவில்லை. வந்தவர்களின் சாதி அப்படி. நான் அவர்களைப் புஸ்பத்தின் ஆட்கள் என்று நினைத்தேன், அவளுடைய கிணற்றடியில் கண்டதால். புஸ்பம் என்னுடைய ஆட்கள் என்று நினைத்தாள், வளவு என் ஒழுங்கையில் இருந்ததால்.

"வீடு உங்கடை ஒழுங்கையிலைதானே அக்கா" என்றாள் புஸ்பம், எல்லோருக்கும் முன்னால்.

"உங்கள் ரண்டு பேரின்ரை பிழையும் இல்லை" என்றார் மிஸ். "பிரிச்சது நான். கீறினது நான். கொழும்புக்கும் அப்பிடித்தான் எழுதுறன்."

பிள்ளை தப்பிவிட்டது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், நீங்கள் கவலைப்படவேண்டாம். வீட்டுக்கு விட்டபோது, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பால்மாக் கஞ்சி கொடுக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னார். கொட்டிலில் மணிக்கூடு இல்லை. மிஸ் தன் கையிலிருந்ததைக் கழற்றி அந்தத் தாயிடம் கொடுத்தார். சின்ன முள் எங்கே வந்தால் கொடுக்கவேண்டும் என்று சுண்ணாம்பால் கண்ணாடியில் புள்ளி வைத்துக் காட்டினார். பிறகு அவர் கையில் நான் மணிக்கூடு காணவில்லை.

அடுத்த ஞாயிறு காலை நான் கிணற்றடியில் பாத்திரம் மினுக்கிக்கொண்டு இருக்கிறேன், படலையில் சைக்கிள் வந்து நிற்கிறது. திருநெல்வேலியிலிருந்து பண்டத்தரிப்பு வரை வெயிலில் மிதித்து வந்திருக்கிறார். முகம் சிவந்து போயிருந்தது. மச்சாள் கதிரை கொண்டுவர ஓடினாள். மிஸ் கதிரையை விட்டுவிட்டுக் கிணற்றுக் கட்டில் வந்து என் பக்கத்தில் இருந்தார்.

"அக்கா, அண்டைக்கு நீங்கள் என்ன சொல்ல வந்தனீங்கள்?"

நான் சாம்பல் பூசிய கையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"உவவுக்கு என்ன தெரியும் மிஸ்" என்றாள் மச்சாள். "ஊரைப் பற்றி என்னட்டைக் கேளுங்கோ, நான் சொல்லுறன்."

"பொறுங்கோ" என்றார் மிஸ். "அவ இன்னும் சொல்லி முடிக்கேல்லை. ஒரு மாதமா முடிக்கேல்லை."

அப்போது சொன்னேன். எங்கள் ஊரை ஒழுங்கை பிரிக்கவில்லை, கிணறுதான் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு பங்குக் கிணற்றுக்குப் பத்து வீடு வரும், சிலதுக்குப் பதினைந்தும் வரும். படலை எந்த ஒழுங்கையில் இருந்தாலும் பொட்டுக்குள்ளாலே அந்தக் கிணற்றுக்குத்தான் வருவார்கள். பம்பை நம்பித் தண்ணி அள்ளுகிற துலாவைக் கழற்றின வீட்டுக்காரரும் இப்போது மண்ணெண்ணெய் இல்லாமல் பங்குக் கிணற்றுக்குத்தான் வருகிறார்கள். நான் சைக்கிள் ஓடத் தெரியாமல் நடந்து திரிகிறவள். களைத்தால் கிணற்றடியில்தான் இருப்பேன். அதனால் எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் காலை என்னோடு வந்து ஒரு கிணற்றடியில் இருந்தார் மிஸ். எங்களை வேலை மினக்கெட்ட ஆட்கள் என்று நினைத்திருப்பார்கள். தண்ணி அள்ள வந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் கதைத்ததைக் கேட்டுக்கொண்டு இருந்தோம்.

"எங்கை உவள் ராணியைக் காணேல்லை?"

"அவளுக்குக் காய்ச்சல். மூண்டு நாள் படுக்கை."

"அப்ப பிள்ளையள்?"

"மூத்தவள் கஞ்சி காச்சுறாள். அவளுக்கு ஏழு வயசுதானே, கையைச் சுட்டுப்போட்டாள்."

வாளி மூன்று தரம் இறங்கி ஏறுவதற்குள் பதினொரு வீட்டுக் கதையும் வந்துவிட்டது. மிஸ் கொப்பியைத் திறக்கவே இல்லை. எழும்பும்போது, "நான் இவ்வளவு நாளும் படலையிலை நிண்டு தட்டிக்கொண்டெல்லோ இருந்தனான்" என்றார்.

அவருடைய வீட்டில் வளவுக்குள் தனிக் கிணறு. அவருக்கு இது தெரியாமல் போனதில் குற்றமில்லை.

இன்னொரு கலண்டர் தாளில் ஒழுங்கைகளை விட்டுவிட்டுக் கிணறுகளை வட்டமாகப் போட்டோம். ஆனால் மிஸ் அதோடு விடவில்லை. "கிணறு பிரிஞ்சு கிடக்கிற மாதிரி நாங்களும் பிரிஞ்சு போறேல்லை" என்றார். தன் சாதி ஆட்களின் கிணறு ஒருவருக்கும் தரப்படாது, பார்க்கப் போகிற கிணற்றில் முதலில் தண்ணி வாங்கிக் குடித்துவிட்டுத்தான் மற்றக் கதை. எட்டுப் பேரும் பாயைப் பார்த்தோம். எனக்கு வந்தது, பிறந்த ஊரிலேயே நான் ஒருநாளும் கால் வைக்காத கிணறு. முதல் நாள் செம்பை வாங்கிய என் கை எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். கொடுத்தவள் நான் குடித்து முடிக்கும் வரை செம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணி நல்ல தண்ணி. வேறென்ன சொல்ல.

இரண்டாம் மாதம் கொழும்பிலிருந்து ஒரு மேலதிகாரி வந்தார், சேர் என்று கூப்பிடுவோம். கிளாலிக் கடலால் வந்த உப்பு அவருடைய காற்சட்டையில் காய்ந்து போயிருந்தது. நல்ல மனிதர்தான். நாலு இடத்துக்குப் பதில் சொல்லவேண்டிய மனிதர். கலண்டர் தாளைப் பார்த்தார்.

"இது ஆர் செய்தது?"

மிஸ் என்னைக் காட்டினார்.

"எத்தினை வரை படிச்சவ?"

"ஐஞ்சாம் வகுப்பு" என்றார் மிஸ், அது பெரிய பட்டம் மாதிரி.

"ஒழுங்கை வேண்டாம், கிணறு எண்டுறியள். சரி. கிணத்தடிக்கு வர ஏலாமல் வீட்டிலை கிடக்கிறவையை என்ன செய்யிறது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுத்த தாளைப் புரட்டினார்.

"பொறுங்கோ சேர்" என்றார் மிஸ். "அவ இன்னும் சொல்லி முடிக்கேல்லை."

சேர் என்னைப் பார்த்தார். வாய் திறக்காத ஒரு மனுசியைப் பார்த்தார். புஸ்பம் என்னைப் பார்த்தாள். மிஸ் மட்டும் மாதுளையைப் பார்த்தார். அந்த மாதுளையை வெட்டிவிட்டிருந்தால் என் சீவியம் என்ன ஆகியிருக்கும் என்று நான் சில வேளை நினைப்பதுண்டு.

"அதுதான் சேர்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். "அதுதான் சேர், கிணத்தடியிலை தெரியும். வீட்டை போனா இருக்கிற ஆளைத்தான் காணலாம். கிணத்தடியிலை, வராத ஆளையும் தெரியும். ஏன் வரேல்லை எண்டு மற்றவை சொல்லுவினம். பிறகு நாங்கள் அந்த வீட்டை போறது."

சேர் தாளைக் கீழே வைத்தார். பிறகு மிஸ் பேசினார். மேற்பார்வைக்கு எடுக்கச் சொன்ன இரண்டு பேரும் எங்களுக்கு வேண்டாம் என்றார். தனக்கென்று மேலே ஒரு பதவியும் வேண்டாம், தானும் ஒரு பக்கத்துக் கிணறுகளை எடுத்து மற்றவர்களைப்போல நடப்பதாகச் சொன்னார்.

"அப்ப ஆரை ஆர் மேற்பார்வை செய்யிறது?"

"வெள்ளிக்கிழமையிலை இந்தப் பாயிலை இருந்து, ஒருத்தரை ஒருத்தர் கேப்பம் சேர்."

சேர் எழும்பும்போது, "இப்ப மணி என்ன?" என்று கேட்டார். தன்னுடைய மணிக்கூட்டுக்குள் கடல் தண்ணி போய்விட்டதாம். எங்கள் ஒன்பது பேரிலும் ஒருவர் கையிலும் மணிக்கூடு இல்லை.

நடுவில் ஒன்றைச் சொல்லவேண்டும். இது நடந்து நாலைந்து வருசத்துக்குப் பிறகு, தொண்ணூற்றைந்தில், சண்டை நெருங்கி, எங்கள் வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க ஒரே நாளில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, நாங்களும் மழைக்குள் நடந்தோம். சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட வாசலில் மிஸ் நனைந்துபோய் நிற்பதைக் கண்டேன். வருகிறவர்களிடம் பெயரையோ ஊரையோ கேட்கவில்லை. "நீங்கள் எந்தக் கிணத்து ஆக்கள்?" என்று கேட்டார். புளியடிக் கிணறு என்றவர்கள் ஒரு வகுப்பில், மடத்துக் கிணறு என்றவர்கள் இன்னொன்றில். யார் வந்து சேர்ந்தார்கள், யாரைக் காணவில்லை என்று அந்தந்தக் கிணற்று ஆட்களே சொல்லிவிட்டார்கள். மூன்று நாளில் எங்கள் பக்கத்தில் தேடப்படாமல் விடுபட்ட ஆள் ஒருவரும் இல்லை. அந்தப் பெண்பிள்ளையையும் அங்கே கண்டேன். தாயின் கையைப் பிடிக்காமல் முன்னுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். தாயின் கையில் மிஸ்ஸின் மணிக்கூடு. அது எப்போதோ நின்றுபோய்விட்டதாம், ஆனாலும் கட்டியிருந்தாள். அதற்குப் பிறகு மிஸ்ஸை நான் காணவில்லை. எங்கேயோ ஓரிடத்தில், யாரோ ஒருவர் வாய் திறக்கும் வரை அவர் பார்த்துக்கொண்டு இருப்பார் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

நடுவில் விட்ட கதைக்கு வருகிறேன். சேர் போய் ஆறு கிழமைக்குப் பிறகு கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. மிஸ் பாயில் இருந்து முழுவதையும் வாசித்தார். மேற்பார்வையாளர் இல்லை. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களிடம் சோதனை பாஸ் கேட்பதில்லை. மிஸ்ஸின் பழைய பதவி இல்லாமல் போகிறது, அவரும் எங்களைப்போலக் கிணறுகளுக்குப் போகலாம். மற்ற எட்டுப் பேரும் இருக்கலாம், ஒரு வருசம் நடத்திப் பார்த்துவிட்டு மேலே யோசிக்கலாம். ஒரு வருசம்தான். ஆனால் அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரு வருசத்தை யார் உறுதியாகத் தந்தார்கள்?

சாப்பாட்டு நேரமாகியிருந்தது. சுவரோரம் இருந்தவள் பாயை இழுத்துக்கொண்டு நடுவுக்கு வந்தாள். விறாந்தைக்காரி வந்தாள். நான் பெட்டியைத் திறந்தேன். புஸ்பம் டைப் மெசினடியிலிருந்து எழும்பி வந்து என் பக்கத்தில் இருந்தாள். ஒரு கரண்டி முருங்கையிலை வறையை எடுத்து என் தட்டில் வைத்தாள். என் கத்தரிக்காயைக் கேட்காமலே எடுத்துக்கொண்டாள்.

நான் ஒரு வாய் சாப்பிட்டேன்.

"எப்பிடி இருக்கு?" என்றாள்.

நான் மென்றுகொண்டே இருந்தேன். அவள் மற்றவர்களைப் பார்த்துக் கையைத் தூக்கினாள்.

"பொறுங்கோ. அவ இன்னும் சொல்லி முடிக்கேல்லை."

எல்லோரும் சாப்பாட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். மிஸ், சேலைக் கரையில் கிளிப்போடு, கையில் கவளத்தோடு, மாதுளைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உப்புக் கூடிப்போச்சு" என்றேன்.

மிஸ் சத்தம் போட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.